பதினாறு பாரும் ஒரு தோல் ஜாக்கெட்டும்

நியூயார்க்கில் ‘கிரீஸ்’ மாதிரி ஒரு மேடை மியூசிக்கலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பில் வழக்கமாக இரண்டு வரி இருக்கும். ஒன்று, 1950களின் ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றிலிருந்து பதினாறு பார் தயார் செய்து வரவும். இரண்டு, இந்த நாடகத்தின் பாட்டுகளையே பாட வேண்டாம். முதல் வரியைப் படித்ததும் உற்சாகம் தாங்காமல் அறிவிப்பை மூடி வைத்துவிடுவதுதான் மரபு. இரண்டாவது வரி மற்றவர்களுக்காக எழுதப்பட்டது.

தடையை மீறித்தான் தீருவேன் என்பவர்கள் குறைந்தபட்சம் அந்தப் பாட்டு நாடகத்தில் இருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்ளலாம். ‘கிரீஸ்’ 1971-ல் சிகாகோவில் தொடங்கி, 1972-ல் நியூயார்க்குக்கு வந்தது. ஊர் உலகமெல்லாம் முணுமுணுக்கும் ‘யூ ஆர் த ஒன் தட் ஐ வான்ட்’ அப்போது அதில் கிடையாது. அதையும் ‘ஹோப்லெஸ்லி டிவோட்டட் டு யூ’வையும் ஜான் ஃபாரர் 1978 படத்துக்காக எழுதினார். தலைப்புப் பாட்டும் படத்துக்காக பேரி கிப் எழுதியதுதான். பின்னால் வந்த சில மேடைத் தயாரிப்புகள் இவற்றைச் சேர்த்துக்கொண்டன; பழைய பிரதியை அப்படியே போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் முன்னால் போய்ப் படப் பாட்டைப் பாடினால், சொன்னதைக் கேட்கவில்லை, நாடகத்தையும் படிக்கவில்லை என்ற இரண்டு தகுதிகளையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிடலாம்.

அடுத்தது வயது. கதை நடப்பது பள்ளிக்கூடத்தில், ஆண்டு 1959. ஆகவே குரலைப் பதினேழு வயதுக்கு இறக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கவலை வேண்டாம். படத்தில் ரிஸோவாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது வயது 33. சாண்டியாக நடித்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28. அந்தப் பள்ளியில் யாருமே சரியான வயதில் படித்ததாகத் தெரியவில்லை. மாறாக, நிஜச் சிறுவனின் பாட்டை எடுத்துக்கொண்டு போவதில்தான் ஆபத்து. ஃபிராங்கி லைமன் ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாடிப் புகழடைந்தது 1956-ல், 13 வயதில். குரல் உடையாத பையனின் சுருதி அது. தாடி வைத்த முப்பது வயதுக்காரர் அதே சுருதியில் எட்டிப் பிடிக்க முயன்றால், அடுத்த அறையில் டாப் டான்ஸ் பயிற்சியே நின்றுபோகும்.

இனி கணக்கு. நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். பதினாறு பார் என்றால் 64 தட்டு. நிமிடத்துக்கு 160 தட்டு ஓடுகிற பாட்டானால் மொத்தம் 24 விநாடி. அந்த 24 விநாடிக்குள் உங்கள் குரல், தாளம், குணம், கூடவே சக நடிகர்களோடு சண்டை போடாதவர் என்பது எல்லாம் வெளிப்பட வேண்டும். இதில் ராக் அண்ட் ரோல் இன்னொரு சூழ்ச்சியும் செய்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்து வேகப் பாட்டுகளில் கணிசமானவை ப்ளூஸ் வழி வந்தவை. பன்னிரண்டு பாரில் ஒரு சுற்று முடிந்துவிடும். பதினாறில் பன்னிரண்டு போனால் மிச்சம் நாலு. அந்த நாலில் அடுத்த சுற்றைத் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் நிற்கலாம். அல்லது இல்லாத கிட்டாரை வாசிப்பதுபோல் கையை ஆட்டலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். சக் பெரியின் ‘ஜானி பி. குட்’டை (1958) அதன் புகழ்பெற்ற கிட்டார் முன்னிசையோடு தொடங்க ஆசைப்பட்டால் இன்னும் விசேஷம்: நீங்கள் வாய் திறப்பதற்குள் ஏறக்குறைய நேரம் முடிந்திருக்கும். எட்டு எட்டு பாராகப் பிரிகிற பாட்டாகப் பார்த்து, நடுப்பகுதி எட்டையும் கடைசிச் சரணம் எட்டையும் வெட்டி எடுத்தால் கச்சிதமாகப் பதினாறு வரும். உபயோகமான யோசனை என்பதால் இதை யாரும் கடைப்பிடிப்பதில்லை.

ஆண்கள் எல்விஸ் பாட்டைக் கொண்டுவருவார்கள். உதட்டின் ஒரு ஓரம் மேலே போகும், இடுப்பு தனியாக ஒரு வேலை செய்யும். தேர்வுக்குழு குனிந்து ஏதோ எழுதும். என்ன சாப்பிடலாம் என்பதாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், இந்த வகை நாடகங்களில் எல்விஸே அநேகமாகக் கிடையாது. ‘பை பை பேர்டி’ (1960), 1957-ல் எல்விஸைப் பட்டாளத்துக்கு அழைத்ததை வைத்துப் பின்னப்பட்ட கதை; ஆனால் பாடகனின் பெயர் கான்ராட் பேர்டி, அவன் ஒரு கேலிச்சித்திரம். ‘ஆல் ஷுக் அப்’ (2005) முழுக்க எல்விஸ் பாட்டு, எல்விஸ் மட்டும் இல்லை. எல்விஸே வேண்டுமென்றால் ‘மில்லியன் டாலர் குவார்ட்டெட்’ இருக்கிறது. 1956 டிசம்பர் 4 அன்று மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் எல்விஸ், ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் நால்வரும் தற்செயலாகக் கூடிப் பாடிய கதை. அங்கே நடிகர்களே வாத்தியமும் வாசித்தாக வேண்டும். காற்றில் வாசிக்கும் கிட்டார் செல்லாது.

பெண்களுக்கு ஒன்று சொல்வேன், இது கேலி இல்லை. எல்விஸ் 1956-ல் பாடிப் பிரபலமான ‘ஹவுண்ட் டாக்’ அவருக்காக எழுதப்பட்டதே அல்ல. லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் பிக் மாமா தார்ன்டன் என்ற ப்ளூஸ் பாடகிக்காக எழுதியது. அவர் 1952-ல் பதிவு செய்தார். உதவாக்கரை ஆள் ஒருவனை ஒரு பெண் வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்கிற பாட்டு அது. அதை அவர் பாணியில், நிதானமாக, மிரட்டலாகப் பாடுகிற ஒருத்தி வந்தால் மேஜைக்குப் பின்னால் சாலட் தின்றுகொண்டிருப்பவர்கள் முள்கரண்டியைக் கீழே வைப்பார்கள். ரிஸோ வேடம் கிட்டத்தட்ட உங்களுக்குத்தான். ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சாண்டிதான் வேண்டும், எல்லோரும் கானி ஃபிரான்சிஸ் பாட்டோடுதான் வந்திருப்பார்கள்.

உருக்கமான பாட்டு விரும்பிகளுக்கு ராய் ஆர்பிசன் காத்திருக்கிறார். ‘க்ரையிங்’ (1961) அடக்கமாகத் தொடங்கி மேலே மேலே போய் உச்சியில் முடியும். காலை ஒன்பதரை மணிக்கு, விடியலிலிருந்து நடைபாதையில் நின்ற தொண்டையோடு அதைத் தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஃபோர் சீசன்ஸின் ‘ஷெர்ரி’யில் வரும் பொய்க்குரல் உச்சமும் அப்படித்தான். ‘ஜெர்ஸி பாய்ஸ்’ நாடகத்துக்கு அது இல்லாமல் போக முடியாது; மற்ற இடங்களில் அது வீட்டோடு இருப்பதே உத்தமம்.

இந்தப் பாட்டுகள் மூன்று நான்கு கார்ட்டில் முடிகிறவை. சுலபம் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். கஷ்டமான பாட்டில் தவறினால் பாட்டு கஷ்டம் என்றாவது பேர் வரும். இவற்றில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மெட்டை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது பாடுகிற ஆள்தான். தேர்வுக்குழு பார்ப்பதும் அந்த ஆளைத்தான். எனவே வீட்டிலேயே ஒரு சோதனை: வெறும் பியானோவோடு பாடிப் பாருங்கள். சாக்ஸஃபோன் இல்லை, பின்னால் ‘ஊ’ போட மூன்று பேர் இல்லை. பாட்டு செத்துக் கிடந்தால், இத்தனை நாளும் உங்களுக்குப் பிடித்திருந்தது சாக்ஸஃபோன்.

பியானோக்காரரைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். அறையில் உங்களுக்கு உதவச் சம்மதித்திருக்கும் ஒரே மனிதர் அவர். அவரிடம் இடது கை வரிசை பாதி அறுந்த நகலைக் கொடுங்கள். தனித்தனித் தாளாகக் கொடுத்தால் மின்விசிறி மீதியைப் பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, வேகத்தைச் சொல்ல அவர் மூக்குக்கு நேரே விரலைச் சொடுக்குங்கள். அதற்கான கூலி முதல் பாரிலேயே கிடைக்கும். கோப்பில் ஒழுங்காக அடுக்கி, இரண்டு வரி மெதுவாகப் பாடிக் காட்டி வேகம் சொல்கிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கேயோ நடித்துக்கொண்டிருப்பதால் வரிசையில் அதிகம் தென்படுவதில்லை.

உடை: ஜூலை மாதத்தில் தோல் ஜாக்கெட். வேறென்ன சொல்ல.

பாடி முடித்ததும் ‘தேங்க் யூ’ என்பார்கள். போகலாம் என்று அர்த்தம். ஆயினும் அங்கேயே நின்று சளி பிடித்த கதையைச் சொல்பவர்கள் உண்டு. சில சமயம் ‘வேறு ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். இதற்காகத்தான் முதல் பாட்டு வேகமானால் கைவசம் ஒரு மெதுவான பாட்டும் இருக்க வேண்டும். கையில் இருப்பது அந்தத் தடை செய்யப்பட்ட படப் பாட்டு மட்டும்தான் என்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

முகத்தைக் காட்டவே கூச்சப்படுகிறவர்கள் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ ஆடிஷனைத் தேடலாம். 1982-ல் வந்த நாடகம், அறுபதுகளின் தொடக்க காலத்து ராக், டூ-வாப் இசை. அதில் ரத்தம் குடிக்கும் செடிக்கு உள்ளேயிருந்து ஆட்டுகிறவர் ஒருவர், மறைவில் நின்று பாடுகிறவர் இன்னொருவர். பாடுகிறவரை மேடையில் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த வேடத்துக்கும் பதினாறு பார் கேட்பார்கள். அதற்கும் யாராவது எல்விஸ் பாட்டோடு, தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்திருப்பார்.