கொடிக்கம்பியியல்: சிற்றலையும் இரைச்சலும் பற்றிய ஓர் உரை

மொட்டை மாடியில் துணி உலர்த்தக் கட்டிய கம்பி, ஷார்ட்வேவ் கேட்பதற்கும் உரியதோ என ஐயுற்று, உரியதே என நிறுவுதல் இவ்வுரையின் நோக்கம்.

கேட்க இனி என்ன இருக்கிறது என்பாரும் உளர். 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டு இறங்கியது மெய்யே. ஆயினும் சீன வானொலி முள்ளைத் திருப்பும் இடமெல்லாம் இருக்கிறது. புரியாத மொழியில் எவரோ செய்தி வாசிக்கிறார். புரியாமையும் ஒரு சுவை என்க.

இனி இதன் திணைப் பகுப்பு. முதற்பொருள், பொழுது. பகலில் அயனி மண்டலத்தின் ‘டி’ அடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுவதால் 49, 41 மீட்டர் அலைவரிசைகள் இரவுக்கு உரியன; 19, 16 மீட்டர் அலைவரிசைகள் பகலுக்கு உரியன. 31 மீட்டர் அந்திக்கும் இரவுக்கும் பொது. கருப்பொருளாவன: எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், மோடம், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர். உரிப்பொருள் ஊடல். என்னை? ஆராய்ச்சியின்பொருட்டு சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுதலான்.

இரைச்சலை ஆராய்தல் இழிதொழில் என்பார்க்கு ஜான்ஸ்கியைக் காட்டுக. அட்லாண்டிக் கடந்த வானொலித் தொலைபேசியில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும்படி பெல் ஆய்வுக்கூடம் அவரை நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் அமர்த்தியது. அவர் பெரியதோர் ஏரியலைக் கட்டி, ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களில் ஏற்றிச் சுழலவிட்டு, 20.5 மெகாஹெர்ட்ஸில் காது கொடுத்தார். கிட்டத்து இடி ஒன்று, எட்டத்து இடி ஒன்று, இரண்டிலும் அடங்காத மெல்லிய சீறல் ஒன்று என மூன்று தேறின. மூன்றாவது பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வருவது என 1933-இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்தது. அவர் பக்கத்து வீட்டில் ஓர் எல்.இ.டி. பல்பு எரிந்திருப்பின் பால்வீதி இன்னும் சில காலம் காத்திருந்திருக்கும்.

கம்பிக்கு வருவோம். நைலான் கொடி துணிக்கு ஆகும், அலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் உறையிட்ட இரும்புக் கம்பி ஆகும். உறை அலையைத் தடுக்காது. ஆனால் இரு முனையையும் இரும்புக் குழாயில் முறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். வாங்கிய அலை குழாய் வழியே கட்டடத்துக்குப் போகும். ஆகவே முனைகளில் ஒரு சாண் நைலான் கயிறு இடைப்படுத்துக. ஈரப் புடவையால் அலை குன்றுமோ எனின், குன்றுவது சிறிது. புடவையை எடுக்கச் சொன்னால் விளைவது பெரிது.

நீளம் கூடினால் நன்மை கூடும் என்பது பொதுமக்கள் கொள்கை. அது பொருந்தாது. 31 மீட்டருக்கென்றே அளந்து கட்டும் அரையலை இருமுனைக் கம்பிக்கே ஏறக்குறைய 15 மீட்டர்தான் வேண்டும். சும்மா கேட்பதற்குப் பத்து மீட்டர் தாராளம். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வெளியிலிருந்து வரும் இரைச்சல் வானொலிப் பெட்டியின் சொந்த இரைச்சலைவிட மிகப் பெரிது. கம்பியை நீட்டினால் சேதியோடு இரைச்சலும் அதே அளவு நீளும். கைப்பெட்டியாயின் திக்குமுக்காடி, இல்லாத இடத்திலெல்லாம் நிலையங்களைக் காட்டும்.

உண்மையில் கேடு செய்வது மாடியிலுள்ள கம்பியன்று. அங்கிருந்து அறைக்கு இறங்கும் கம்பி. வெறுங்கம்பியாக ஸ்விட்ச் போர்டை உரசி வந்தால் வீட்டு இரைச்சல் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் பெட்டிக்குள் நுழையும். மாடியிலேயே ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதனடியில் எர்த் கொடுத்து, கேபிள் டிவிக்காரர் விட்டுச்சென்ற கோஆக்சியலில் இறக்குக. அந்தக் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பலமுறை சுற்றுக. சுற்று இரட்டித்தால் தூண்டல் நான்கு மடங்காகும். இவ்வளவும் செய்தபின் எஞ்சும் கரகரப்பே ஆராயத் தக்கது.

ஆராயும் முறை: பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்க. இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்; எம்.சி.பி.களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பிடிக்கலாம். நொடிக்கு 100 துடிப்பாக உறுமினால் டிரையாக் ரெகுலேட்டர். கண்டன்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாட்டினால் அடங்கும். முள்ளை நகர்த்த நகர்த்தச் சம இடைவெளியில் மேடுமேடாக வந்தால் சார்ஜர். மெயினை அணைத்தும் நிற்காவிடின் அயல்வீடு. அங்கே சென்று ‘உங்கள் பல்பு எனக்குக் கேட்கிறது’ என்று சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க.

மாடியில்லாத அடுக்ககத்தார்க்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள வளைய ஏரியல் போதும். வளையத்தின் முகம் நோக்கும் திசையில் அதற்குக் காது கேளாது. அந்த முகத்தை மோடம் பக்கம் திருப்பி வைக்க.

புறனடை: ஐப்பசியில் இவ்வியல் முழுவதும் செல்லாது. மின்னல் தென்பட்டவுடன் கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி வெளியே போடுக. அதற்குமுன்பே மேலே போய்த் துணியையும் எடுத்துவிடுக.