ஒரு பைசா பாக்கி

2025 நவராத்திரிக் கொலுவுக்கு டில்லியிலிருந்து ஒரு புதுப் பொம்மை வந்தது. பெயர் சேமிப்புத் திருவிழா. செப்டம்பர் 22, கொலுவின் முதல் நாள், ஜிஎஸ்டி குறைந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நம்ம ஆந்திராவில் சும்மா விடுவார்களா? ‘சூப்பர் ஜிஎஸ்டி, சூப்பர் சேவிங்ஸ்’ என்று ஊர் ஊராகப் பிரச்சாரம். அக்டோபர் 16 அன்று பிரதமரே கர்னூலுக்கு வந்து போனார்.

இதே வரியை 2017 ஜூலை 1 நள்ளிரவில், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விழா எடுத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஏறினாலும் மேளம், இறங்கினாலும் மேளம். எட்டு வருஷம் நம் பல்லை விளக்க நம்மிடமே 18 சதவீதம் வாங்கியவர்கள், இன்று 13-ஐ விட்டுக்கொடுத்துவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறார்கள். நோய்க்குப் பயந்து இன்சூரன்ஸ் எடுத்தவனிடமும் அதே 18-தான் வாங்கினார்கள். அந்தப் பயத்துக்கு இப்போதுதான் வரி இல்லையாம்; வாங்கிய எட்டு வருஷத்துப் பணத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை.

வரி குறைவது அமெரிக்காவிலும் உண்டு. டெக்சாஸில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பள்ளிக்கூடம் திறக்குமுன் மூன்று நாள் விற்பனை வரிக்கு லீவு. 100 டாலருக்குள் துணி, செருப்பு, புத்தகப்பை வாங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை வரி வேலைக்கு வந்துவிடும். அங்கே அதற்கு விடுமுறை என்றே பெயர், வள்ளல்தனம் என்றல்ல.

விலையைக் குறைக்காமல் கடைக்காரனும் கம்பெனியும் வரியை விழுங்கினால் என்ன செய்வது? அதற்கென்றே 2017-லிருந்து கொள்ளை லாபத் தடுப்பு ஏற்பாடு ஒன்று இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார் எடுப்பதில்லை என்று அதை மூடியாயிற்று. ஏப்ரலில் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செப்டம்பரில் களஞ்சியத்தைத் திறந்திருக்கிறார்கள். கேட்டால், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள் என்கிறார்கள்.

திருப்பதியில் ஒரு கடையில் ஃப்ரிட்ஜ்மேல் ‘ஜிஎஸ்டி குறைப்புச் சலுகை’ என்று அட்டை தொங்கியது. ஃப்ரிட்ஜுக்கு 2018-லிருந்தே 18 சதவீதம்தான், இன்றும் அதுவேதான் என்றேன். விற்கிற பையன் என்னை ஏதோ தீட்டுப்பட்டவனைப் போலப் பார்த்துவிட்டு, “சார், பண்டிகை நேரம்” என்றான். வாஸ்தவம். பண்டிகை நேரத்தில் கணக்குக் கேட்பது அபசகுனம்.

யாருக்குச் சேமிப்பு? பெரிய காருக்கு வரியும் செஸ்ஸுமாக 50 இருந்தது 40 ஆகியிருக்கிறது. 20 லட்சத்து வண்டியில் ஏறக்குறைய 1.33 லட்சம் மிச்சம். முதலில் 20 லட்சம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அரிசிக்கு? 25 கிலோ வரைக்கும் மூட்டை கட்டி பேர் போட்டால் 5 சதவீதம் என்று 2022 ஜூலையில் விதித்தார்கள். வியாபாரி 26 கிலோ மூட்டை போட்டுத் தப்பித்துக்கொண்டான். இரண்டு கிலோ பாக்கெட் வாங்குகிற கூலிக்காரி என்ன செய்வாள்? அவள் பாக்கெட்டுக்குத் திருவிழா வரவே இல்லை, 5 அப்படியே நிற்கிறது.

மாங்காயையும் சொல்லியாக வேண்டும். அதே 2025 கோடையில் சித்தூர் தோத்தாபுரி விலை மண்ணைக் கவ்வியது. பழக்கூழ் ஆலை 8, அரசு 4, ஆக கிலோ 12 ரூபாய் என்றார்கள். ஆலை வாசலில் நாள்கணக்கில் டிராக்டர் நின்றது. செப்டம்பரில் பழச்சாற்றுப் பானத்துக்கு வரி 12-லிருந்து 5. மாங்காய் விளைவித்தவனுக்கு விலை இறங்கிற்று, பாட்டிலில் அடைத்தவனுக்கு வரி இறங்கிற்று. இரண்டுமே இறக்கம்தானே, ஒரே விழாவாகக் கொண்டாடிவிட வேண்டியதுதான்.

பெட்ரோலை மட்டும் ஜிஎஸ்டிக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. ஆந்திராவில் 31 சதவீத வாட், மேலே லிட்டருக்கு 4 ரூபாய், அதற்கும் மேலே ரோட்டுக்கென்று 1 ரூபாய். நாட்டிலேயே விலை கூடிய பெட்ரோல் போடுகிற பெருமை நமக்கு. அந்த ரோட்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு காரில் திருப்பதிப் பக்கம் போனால், எஸ்.வி. புரம் டோல்கேட் கையை நீட்டுகிறது. அது தேசிய ரோடாம், இந்த ரூபாய் மாநில ரோட்டுக்காம். இரண்டிலும் பள்ளம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சரி, நாமும் சேமிப்போம் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். 2 ரூபாய் ஷாம்பு பாக்கெட், புது வரிப்படி கணக்குப் போட்டால் 1 ரூபாய் 78 பைசா. 25 பைசாவே 2011-இல் செத்துப்போன நாட்டில் 22 பைசாவுக்குச் சில்லறை எங்கே? விடுவதாயில்லை. நாலு பாக்கெட்டாக வாங்கி, 8 ரூபாய் கொடுத்து, மீதி 88 பைசா கேட்டேன்.

கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். டப்பாவைத் திறந்து ஒரு ரூபாய் சாக்லெட் ஒன்றை எடுத்து வைத்தார். சாக்லெட்டுக்கும் 18 போய் 5 தானே, அதன் விலை இப்போது 89 பைசா.

“அப்போ நீங்கதான்ணா எனக்கு ஒரு பைசா தரணும்” என்றார்.