கேமராவைப் பார்க்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை சயான் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். 2011 கணக்குப்படியே 1 கோடியே 24 லட்சம் பேர் வாழ்கிற மும்பையில் அவசரமில்லாமல் நடக்கிறவர் அவர் ஒருவர்தான். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் இன்னொன்று, முதுகில் மூட்டை. காக்கியிலும் சேராத பச்சையிலும் சேராத ஒரு பேண்ட், அதில் அவருக்கே கணக்குத் தெரியாத ஜேப்புகள். திங்கள் முதல் வெள்ளி வரை பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் எக்செல் கட்டங்களுக்குள் குடியிருப்பவர். மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. வாரமெல்லாம் ஜன்னலில் தெரிகிற அந்த நீலத் தார்ப்பாய்க் கூரைகளை ஞாயிறன்று கிட்டத்தில் பார்க்க வருகிறார். கேட்டால், அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்கிறேன் என்பார். அவருக்கும் அன்றாட வாழ்க்கை என்று ஒன்று உண்டு. மாமியாரோடு மளிகை வாங்குவதும், லிஃப்டில் யாரையும் பார்க்காமல் மேலே எண்ணைப் பார்ப்பதும் அதில் அடக்கம். அதைப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவருடைய மதம் ஒன்றே, அதன் பெயர் 'நேச்சுரல்'. போஸ் கொடுத்த படம் பொய், தெரியாமல் எடுத்த படம் மெய் என்பது அதன் முதல் மந்திரம். இந்த மெய்யைப் பிடிக்க அவர் படுத்தும் பாட்டைப் பார்க்க வேண்டும். சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தோடு போகிறவரை நிறுத்தி, ஆவி பறப்பது தெரிய மூடியை நாலு தடவை திறக்கச் சொல்வார். ஐந்தாவது தடவை ஆவி இருக்காது, இட்லி ஆறியிருக்கும். மாட்டுங்காவில் காபி ஆற்றுகிறவரை இன்னும் ஒரு சாண் உயர்த்தி ஆற்றச் சொல்வார். குழாயடியில் குடம் வைத்திருக்கும் அக்கா, "தம்பி, செத்த இரு, தலையச் சீவிட்டு வந்துருதேன்" என்று உள்ளே திரும்பினால் பதறிப்போவார்: "வேண்டாம்க்கா, அப்படியே இருங்க, கேமராவைப் பார்க்காதீங்க!" ஒருவர் எங்கே நிற்பது, எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எவ்வளவு அழுக்காக இருப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கு இயல்பு என்று பெயர் வைக்கிற ஒரே தொழில் இதுதான். நம் வாதம் இங்கே தொடங்குகிறது. அந்தத் தெருவில் போஸ் கொடுக்கிறவர் கேமராக்காரர்தான். தலை சீவிக்கொண்டு நேராக நிற்க நினைத்த அக்காவின் படம்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்திருக்கும்.

இவர் கண் இப்படிப் பழகியதற்கு ஊரிலேயே பாரம்பரியம் இருக்கிறது. பம்பாயில் போட்டோகிராபிக் சங்கம் 1854இலேயே தொடங்கிவிட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் ஜான்சன், பம்பாயில் வாழும் இனங்களையும் குலங்களையும் பற்றி 1863இலும் 1866இலும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். பல படங்களில் ஆட்கள் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவர்கள். பின்னால் தெரியும் கோயிலும் கடற்கரையும் வேறெங்கோ எடுத்து ஒட்டியவை. தமிழர்களான நாம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போனோம். 1987இல் 'நாயகன்' வந்தபோது நாம் பார்த்த தாராவியில் பெரும்பங்கு, தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். 2018இல் 'காலா' வந்தபோதும் சென்னையில் ஒரு தாராவி எழும்பியது. ஆக, நம் நண்பர் கோடம்பாக்கத்தின் கைவேலையை மனதில் சுமந்துகொண்டு வந்து, உண்மையான 90 அடி ரோட்டில் அதைத் தேடுகிறார். உண்மையான ரோட்டில் மொபைல் கடையும் கோச்சிங் கிளாஸ் போர்டும் எதிர்ப்பட்டால் அவருக்கு ஏமாற்றம். அவற்றை வெட்டிவிட்டு மீதியைப் பதிவு என்று சொல்கிறார்.

வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்துக்குத்தான் போகிறேன் என்பார். அவர் நடந்து போகும் வழியைக் கவனித்தால் வேறொரு கணக்குத் தெரியும். தாராவியில் வீட்டு வாசல்படியே தெரு. பாத்திரம் கழுவுவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பீடிப் புகையோடு பேப்பர் படிப்பதும் அங்கேதான். அதனால் அங்கே அவருக்கு நூறு படம். மாட்டுங்காவில் பூக்கடை வரைக்கும் அனுமதி. தொடுத்த மல்லிகையை அளந்து கொடுக்கும் கை கிடைக்கும், அதற்கு மேல் மாடி ஏற முடியாது. செம்பூருக்குப் போனால் ஸ்டேஷனருகே மீன் மார்க்கெட்டும், விசேஷ நாளென்றால் செடா நகர் முருகன் கோயில் கூட்டமும் கிடைக்கும். ஆனால் சொசைட்டி கேட்டுக்கு முன் நின்று லென்ஸைத் தூக்கினால் வாட்ச்மேன் எழுந்து வந்து "க்யா ஹை?" என்பார். உள்ளே மூன்றாவது மாடியில், பனியனோடு ரிடையர் ஆன ஒருவர் பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அதுவும் அன்றாட வாழ்க்கைதான், வெளிச்சமும் அருமை. ஆனால் அது எந்தப் புகைப்படப் போட்டிக்கும் போவதில்லை. வாட்ச்மேன் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களின் வாழ்க்கையைத்தான் நம்மவர் அன்றாடம் என்கிறார். அக்கா தலை சீவப் போனாளே, அது அவளுக்கு இருந்த ஒரே கேட். அதையும் திறந்து வைக்கச் சொன்னார் இவர்.

நேராக நின்று எடுத்த படம் உயிரில்லாதது, ரேஷன் கார்டு படம் மாதிரி இருக்கும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியை மும்பையின் குடிசைப் பகுதிகளில் சொல்லிப் பார்க்க வேண்டும். 1976இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்களுக்குப் படம் ஒட்டிய 'போட்டோ பாஸ்' கொடுத்தார்கள். நீ இங்கே குடியிருந்தாய் என்பதற்கு அது சாட்சி. பின்னால் குடிசை மாற்றுத் திட்டங்களில் 1995 ஜனவரி 1, 2000 ஜனவரி 1 என்று கெடு தேதிகள் வந்தபோது, வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதற்கு இப்படிப்பட்ட பழைய காகிதங்களே துணை நின்றன. கண்ணை அகல விழித்து, காது இரண்டும் தெரிய, கலைநயம் கடுகளவும் இல்லாமல் எடுத்த படம். ஆனால் ஒரு குடும்பத்தை ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், நிலைநிறுத்தியது அது. போட்டோவுக்கு நேராக நிற்கும் பழக்கத்தை இந்த மக்கள் அசட்டுத்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. கோணலாக நின்ற படம் எந்த ஆபீஸிலும் செல்லாது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மறுப்பு உண்டு. தெரியாமல் எடுக்காவிட்டால் வறுமையின் கோரம் வெளியே வராது, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள் என்பார்கள். நியாயம்தான். நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் இரவில் ஏழைகளின் அறைகளுக்குள் நுழைந்து வெடிமருந்து வெளிச்சத்தில் எடுத்த படங்கள் 1890இல் புத்தகத்தோடு வந்து சீர்திருத்தத்துக்கு உதவின; அந்த முகங்களில் திடுக்கிட்ட தூக்கமும் பதிவானது. ஆனால் அது ஒன்றே வழி என்று ஆகிவிடாது. நார்வேக்காரர் யோனாஸ் பெண்டிக்சன் நான்கு நாடுகளின் சேரிகளில், தாராவி உட்பட, வீடுகளுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும் எடுத்து, வீட்டுக்காரர் பேச்சையும் சேர்த்து 2008இல் புத்தகமாக்கினார். அனுமதி கேட்டு எடுத்ததால் அதில் வறுமை குறைந்துவிடவில்லை. தாராவிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ரியாலிட்டி டூர்ஸ், படம் எடுக்கக் கூடாது என்பதையே விதியாக வைத்திருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் விஷயம் புரியத்தான் செய்கிறது.

கேட்டுக்கொண்டிருந்தால் கணம் தப்பிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இங்கே நம்மவர் தன் குலதெய்வமான ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோனை அழைப்பார். 1952இல் வந்த அவர் புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு 'தீர்மானமான கணம்' என்ற பொருளில் உலகப் புகழ் பெற்றது. பிரெஞ்சில் அதன் தலைப்பு வேறு. லைசென்ஸ் இல்லாமல் விற்றுவிட்டு, போலீஸ் தலை தெரிந்ததும் மூட்டையோடு ஓடுகிற தெருவியாபாரியை நினைவூட்டுகிற சொல் அது. மாட்டுங்காவில் முனிசிபாலிட்டி வண்டி வரும்போது தார்ப்பாயை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு பாயும் ஆளுக்கு அந்தத் தலைப்பு சட்டென்று புரியும். ஆசான் தன் தொழிலில் உள்ள கள்ளத்தனத்தைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்; சீடர்தான் அதைத் தத்துவமாக்கிவிட்டார்.

தவிர, கேட்ட பிறகும் கணங்கள் வருகின்றன. தாராவியின் கும்பார்வாடாவில் பானை வனைகிறவரிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். களிமண் கையைத் துடைப்பார். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போடுவார். வாட்ச் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். குழாயடி அக்கா பிளாஸ்டிக் வாளியைக் காலால் ஓரம் தள்ளுவாள், பள்ளிக்கூடப் பையோடு பெண்ணை இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவாள். வாளி வெளியே, பை உள்ளே. ஒரு வீட்டின் கணக்கையும் கனவையும் இதைவிடச் சுருக்கமாக எந்த ஒளிந்திருந்து எடுத்த படம் சொல்லிவிடும்? எதைச் சட்டத்துக்குள் இழுக்கிறார்கள், எதை வெளியே தள்ளுகிறார்கள் என்பதைப் பார்க்கிற கண்ணுக்கு, போஸ் ஒரு முழு வாக்குமூலம்.

நம்மவர் கெட்டவர் இல்லை. வெயிலில் அத்தனை பாரம் சுமந்து, வாங்கிய டீக்கு மீதிச் சில்லறை கேட்காமல், யாரையும் அதட்டாமல் போகிறவர். அவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: அக்கா தலை சீவி முடிக்கும்வரை நிற்பது, எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுப்பது. "நல்லா விழுந்திருக்கா?" என்று அவள் கேட்டதற்கு "சூப்பர்க்கா, அனுப்புறேன்" என்று சொல்லிப் போனவர்கள் தாராவியில் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தால், அந்தப் படம் திருநெல்வேலியிலிருந்து வந்த தாத்தாவின் மாலை போட்ட படத்துக்கும் முருகன் காலண்டருக்கும் நடுவில் ஆணி அடித்து மாட்டப்படும். அந்தச் சுவரில் எல்லாரும் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், முருகன் உட்பட.