நெட்டையா, குட்டையா?

வாடா பேராண்டி. வரப்பு ஓரமா காலை வச்சு வா. பாத்தியில செருப்போட எறங்குனியோ, மேஸ்திரி என்னைத்தான் கேப்பாரு. இப்பிடி உப்பு அம்பாரத்து நெழல்ல குந்து. நேத்து ராத்திரி உங்கம்மா போன்ல ஒரே அழுகை. பையன் பாண்டிச்சேரிக்குப் படிக்கப் போனான்னு பாத்தா துப்பாக்கி சுடப் போறங்கறான், நீங்கதான் புத்தி சொல்லணும்னா. என்கிட்ட வந்து புத்தி கேக்கற அளவுக்கு உங்க வீட்டுல பஞ்சமாயிடுச்சு பாரு.

நான் உன்னைத் தடுக்கப் போறதில்ல. ஆனா ஒரு கேள்வி கேட்டியே, "தாத்தா, ரைபிளா பிஸ்டலா"ன்னு, அதுக்கு மரக்காணத்துல இருந்து காலாப்பட்டு வரைக்கும் என்னை விட்டா பதில் சொல்ல ஆளு கெடையாது. சிரிக்காத. உப்பளத்து வேலைக்கு நடுவால இருவது வருசம் பலூன் கடை போட்டவன்டா நான். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம், பங்குனி உத்திரத்துக்கு மயிலம், அமாவாசைக்கு மேல்மலையனூரு. பலகையில பலூனைக் கட்டி, முன்னால ரெண்டு காத்துத் துப்பாக்கி வச்சிருப்பன். ஒண்ணு நெட்டை, கட்டையைத் தோள்ல அண்டக் குடுத்துச் சுடறது. ஒண்ணு குட்டை, கையில புடிச்சுச் சுடறது. எவன் எதை எடுப்பான்னு அவன் கூட்டத்துல வர்றப்பவே சொல்லிடுவன்.

புதுப் பொண்டாட்டியோட வர்றவன் குட்டையைத்தான் எடுப்பான். சினிமாவுல கதாநாயகன் கையில இருக்கறது அதுதான? நெட்டையை வச்சிருக்கறவன் எல்லாம் அடியாளு, ஒரு குண்டும் படாது, அவனே செத்தும் போவான். அதைப் பாத்து வளந்தவன் எப்பிடி நெட்டையைத் தொடுவான்? கையை நீட்டுவான், ஒரு கண்ணு பலூன் மேல, இன்னொரு கண்ணு அவ பாக்கறாளான்னு. பத்து குண்டுல ஒண்ணு படும், அதுவும் பக்கத்துப் பலூன்ல. "அதைத்தான் குறி வச்சன்"னுடுவான். மீசைக்காரன் வந்தா நெட்டை. சுடறதுக்கு முன்னால அரை நாழி வீரப்பன் போட்டோ மாதிரி நின்னு பாத்துக்குவான். அப்பறம் அஞ்சாறு பலூன் ஒடையும். ஒடைச்சது மீசை இல்ல, தோள்ல இருந்த கட்டை. ஆனா காசு மீசைதான குடுக்குது, நான் வாயைத் தொறக்க மாட்டன்.

ஒரு தடவை மயிலத்துல பத்தையும் விட்டுட்டு முழிச்சிக்கிட்டு நின்னான் ஒருத்தன். அவன் பொண்டாட்டி இடுப்புப் புள்ளையை அவன் கையில குடுத்துட்டு நெட்டையை வாங்குனா. என் பலகையில முழங்கையை ஊணுனா. ஏழு பலூன். திரும்பிப் போறப்ப அவன் பத்தடி முன்னால நடந்தான், புள்ளையோட.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லுவாங்க. என் கடையில கூடம் நெசமாவே கோணல்தான்டா. நெட்டையோட முன்குறி முள்ளை இடுக்கியால நெல்லு மொனை அளவுக்கு நான்தான் வளைச்சு வச்சிருந்தன். அந்தப் பொம்பள மொத ரெண்டு குண்டுலயே அதைக் கண்டுபுடிச்சு, ஓரம் தள்ளிக் குறி வச்சா. குட்டையை நான் வளைக்கவே இல்ல. வளைக்கற அவசியமே வரல.

ஏன்னு கேளு. இந்த வரப்பு இருக்குதே, இதை நேராப் போட ரெண்டு குச்சியை நட்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையற மாதிரி கண்ணை வச்சுப் பாப்போம். ரெண்டு குச்சியும் ஒரு சாண் தள்ளி இருந்தா, கொஞ்சூண்டு பெசகு கண்ணுக்குத் தெரியாது, வரப்பு போயி பக்கத்துக்காரன் பாத்தியில முடியும். தூரத் தூர நட்டாத்தான் கோணல் அப்பவே தெரியும். துப்பாக்கியில பின்குறியும் முன்குறியும் அந்த ரெண்டு குச்சிதான். நெட்டையில தள்ளித் தள்ளி இருக்கு. குட்டையில கிட்டக் கிட்ட. மயிரிழை அசைஞ்சா போதும், அங்க போயி முழமாயிடும்.

இன்னொண்ணு, ஒடம்பு. உங்க ஆயா தண்ணிக் கொடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவா பாத்திருக்கியா? கொடம் அசையாது. தூக்கறது கை இல்ல, எலும்பு. நெட்டையை நின்னு சுடறவங்களும் அதைத்தான் செய்யறாங்க. இடது முழங்கையை இடுப்பெலும்புல ஊணி, முதுகைக் கொஞ்சம் பின்னால சாச்சு, கன்னத்தைக் கட்டையில வச்சு, தோள்ல அண்டக் குடுத்து நிக்கறாங்க. குட்டைக்கு அதெல்லாம் கெடையாது. அரிக்கேன் வெளக்கை ஒத்தக் கையில நீட்டிப் புடிச்ச மாதிரி. மூச்சு விட்டா ஆடும், நாடி துடிச்சா ஆடும், பரீட்சையில பெயிலானதை அப்பனுக்கு இன்னும் சொல்லலன்னு நெனச்சா அதுக்கும் ஆடும்.

அதனால நெட்டையே சுலபம்னு முடிவு கட்டிடாத. நீ அன்னிக்குக் கொண்டாந்து காட்டுன ரெண்டு குறி அட்டையை நான் சும்மா பாக்கல. நீ டீ குடிக்கப் போனப்ப ஒரு கல்லு உப்பை எடுத்து ரைபிள் அட்டையோட நடுப்புள்ளி மேல வச்சன். புள்ளியைக் காணம். உப்புக்கு அடியில போயிடுச்சு. பத்து மீட்டருல நின்னு அதைத் தொட்டாத்தான் பத்துங்கறான். அரை மில்லிமீட்டராம். பிஸ்டல் அட்டையில அதே பத்து பதினொன்னரை மில்லிமீட்டரு. என் சட்டைப் பொத்தானை வச்சுப் பாத்தன், அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது. சட்டம் போட்டவன் விவரமானவன்டா. நெட்டைக்கு நாலு எடத்துல முட்டுக் குடுத்தான், குறியை உப்புக்கல்லுக்கும் கீழ சுருக்கிட்டான். குட்டைக்கு முட்டு ஒண்ணையும் குடுக்கல, அதனால பொத்தான் அளவுக்கு எரக்கப்பட்டான்.

விசையையும் கவனி. அந்தக் காத்து பிஸ்டல் விசை அரைக் கிலோ எடையாவது தாங்கணுமாம். அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டு ஒண்ணை ஆள்காட்டி விரல்ல மாட்டித் தூக்கிப் பாரு, கையி அசையாம தூக்கணும். ரைபிளுக்கு அந்தக் கணக்கில்ல, தொட்டாலே போதும். எதுவா இருந்தாலும் அறுவது குண்டு, ஒண்ணே கால் மணி நேரம். நான் ஒரு பாத்தி உப்பை வாரி முடிச்சுடுவன்.

உடுப்புல பாரு வேடிக்கையை. நெட்டைக்காரங்க போடற கோட்டும் கால்சட்டையும் வெறச்சுப் போயி நிக்குது. அதைப் போட்டுக்கிட்டு மரப் பொம்மையாட்டம் நடந்து வருவாங்க. நம்ம கடலூருல பொறந்த புள்ள, இளவேனில் வாலறிவன், அதைப் போட்டுத்தான் 2019ல ரியோவுல போயி உலகக் கோப்பைத் தங்கத்தை வாங்குச்சு. கடலூரு இங்கேருந்து எவ்வளவு தூரம்? பஸ்சுல சுண்டல் தின்னு முடிக்கறதுக்குள்ள வந்துடும். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்தப் புள்ள பேரே தெரியாது. அதே, 2024 ஒலிம்பிக்குல துருக்கிக்காரரு ஒருத்தரு, யூசுப் திகேச்சு, அம்பத்தோரு வயசு, டீசட்டை, வீட்டுக் கண்ணாடி, ஒரு கை கால்சட்டைப் பையில, டீக்கடையில பாக்கி கேக்க வந்தவராட்டம் நின்னு பிஸ்டல்ல வெள்ளி வாங்குனாரா, ஒலகமே அவரு போட்டோவைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. கையைப் பையில விட்டது பந்தா இல்ல. சும்மா தொங்கவிட்டா அந்தக் கை ஒடம்பை ஆட்டும். இதை நீ உங்க கிளப்பு பசங்ககிட்ட சொல்லு, உன் மரியாதை கூடும். யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லாத, கொறைஞ்சுடும்.

குட்டை வேற எதுக்கு ஒதவும்? மறைக்க. 1911ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள்ள ஏறி ஆஷ் துரையைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டல்ல. நாலடி நெட்டையைத் தோள்ல சாத்திக்கிட்டு அவரு அந்தப் பெட்டியில கால் வச்சிருக்க முடியுமா? 1967 சனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரைச் சுட்ட எம்.ஆர்.ராதா மடியில இருந்ததும் கைத்துப்பாக்கிதான். எம்.ஜி.ஆரு கழுத்துக் கட்டோட ஆஸ்பத்திரியில படுத்திருந்த போஸ்டரை மரக்காணம் சந்தையில நான் பாத்தன், அப்ப எனக்கு அரைக்கால் டவுசரு. அந்தப் போஸ்டரு போட்ட ஓட்டை எந்த நெட்டையும் போட்டிருக்காது. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதன்னு மனுசனைச் சொன்னது தப்பு. இதுக்குச் சொன்னா சரியா இருக்கும்.

நெட்டையை நெசமா ஆண்டவங்களை நான் கழுவெளி ஏரி ஓரத்துல பாத்திருக்கன். நரிக்குறவரு பெரியவரு ஒருத்தரு. அவரு ஒசரத்துக்கு மேல துப்பாக்கி. குழல் வாயில கரிமருந்தைக் கொட்டுவாரு, துணியை உருட்டி அடைப்பாரு, கம்பியால இடிப்பாரு, ரவையைப் போடுவாரு, மறுபடி துணி, மறுபடி இடி. அப்பறம் குதிரையைத் தூக்கி வச்சுட்டு சேத்துல கொக்காட்டம் நிப்பாரு. அவருக்கு ஒரு வெடிதான். தப்புனா ஏரிப் பறவை மொத்தமும் எழுந்து போயிடும், மறுபடி கெட்டிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுது எறங்கிடும். அதனால பத்து தடவை குறி வச்சு ஒம்பது தடவை எறக்கிடுவாரு. சுடாம எறக்கறதுதான் அவருகிட்ட நான் பாத்த வித்தை. உங்க கிளப்புல அதுக்கு மார்க்கு உண்டா?

இப்ப அதெல்லாம் நடக்காது. 1972லயே வன உயிர்ச் சட்டம் வந்துடுச்சு, 2021ல கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாவும் ஆக்கிட்டாங்க. கூழைக்கடாவுக்கு இருக்கற பாதுகாப்பு உனக்கும் எனக்கும் கெடையாது. சுட மிச்சம் இருக்கறது அட்டையும் ஓடும்தான். ஓடுன்னா, மேல வீசற மண்தட்டு. அதுக்கு இன்னொரு ஜாதி நெட்டை, ரெட்டைக்குழல். புதுக்கோட்டை ராஜா வீட்டுப் புள்ள பிரித்விராஜ் தொண்டைமான் 2024ல பாரிசுக்குப் போனது அதைத் தூக்கிக்கிட்டுத்தான். ராஜா வீட்டு வெளையாட்டு, தோட்டா வெலையைக் கேட்டாலே உங்கப்பனுக்கு நெஞ்சு வலி வரும், அதை விடு.

தோட்டா போடற நெசத் துப்பாக்கி வாங்கணும்னா கலெக்டர் ஆபீஸ் படி தேயணும். 2019ல சட்டத்தைத் திருத்தி ஆளுக்கு மூணுன்னு இருந்ததை ரெண்டா ஆக்கிட்டாங்க. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிக்கிட்டு வரணும். திருடன் வந்தா ரசீதைக் காட்டலாம். உன் காத்துத் துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்ல. சின்னக் குழலு, கொறைஞ்ச சக்தின்னா லைசென்சு வேணாம்னு 2016 விதியிலயே இருக்குதாம். உங்கம்மாகிட்ட அதைத்தான் சொன்னன். அவ அழுகையை நிறுத்திட்டு வெலை கேட்டா. அதுக்கப்பறம் மறுபடி அழுதா.

சரி, நம்ம நாட்டு ஒலிம்பிக்கு மெடல் கணக்குலயாவது எது ஒசத்தின்னு தெரியுமான்னு பாத்தன். ரைபிள்ல பிந்த்ரா, மெட்ராசுல பொறந்த ககன் நாரங்கு, ஸ்வப்னில் குசாலே, மூணு. பிஸ்டல்ல விஜய்குமாரு ஒண்ணு, மனு பாக்கரு தனியா ஒண்ணு, சரப்ஜோத்தோட சேந்து ஒண்ணு, அதுவும் மூணு. ரத்தோரு 2004ல ரெட்டைக்குழல்ல வாங்குன வெள்ளியை நெட்டைப் பக்கம் சேத்தா நாலுன்னு ஒருத்தன் சண்டைக்கு வருவான். வரட்டும். அந்த மனு பாக்கரு பொண்ணுக்கு டோக்கியோவுல நடுவுல பிஸ்டல் ரிப்பேராயி நிமிசம் நிமிசமாப் போச்சு. அன்னிக்குக் கூடம் நெசமாவே கோணல். அதுக்காக அந்தப் பொண்ணு ரைபிளுக்கு மாறல பாரு. மூணு வருசம் கழிச்சு அதே குட்டையோட வந்து ஒரே ஒலிம்பிக்குல ரெண்டு வெண்கலம்.

இப்ப உன் கதைக்கு வருவம். உனக்குக் குட்டை மேல ஆசை வந்தது இந்த நாடி, குறி, வரப்பு எதையும் யோசிச்சு இல்ல. 2022ல திருச்சியில அஜித்து பிஸ்டல் சுட வந்தாருன்னு ஊரே கிளப்பு வாசல்ல நின்னுதே, அந்த வீடியோவை நீ இன்னும் போன்ல வச்சிருக்க. நான் பாத்துட்டன். தப்பில்ல. எங்க காலத்துல எம்.ஜி.ஆரு வாளைச் சுத்துனாருன்னு பூவரசங் குச்சியைச் சுத்தி மாட்டுக்காரன் கண்ணைக் குத்தப் பாத்தவன்தான் நானும்.

அந்தக் கூடையில தண்ணி பாட்டில் இருக்கு பாரு, ஒன்றரை லிட்டரு. எடு. மூடியைத் தொற. பிஸ்டல் இந்தக் கனம் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா போட்டியில சேக்க மாட்டான். கையை நீட்டு. மடக்காத. இன்னொரு கையைப் பையில விட்டுக்க, துருக்கிக்காரராட்டம். அதோ, உப்பு வாருற பலகை சாத்தி வச்சிருக்குதே, அதோட ஆணி மேல கண்ணு. நான் வெத்தலை போட்டு முடிக்கற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது.

பாக்கையே நான் இன்னும் சீவல. அதுக்குள்ள தோள் எறங்குது. மூச்சை அடக்காதடா, பாதியை விட்டுட்டு நிறுத்து. ஆங், ஊத்தாத, ஊத்தாத! பாத்தியில நல்ல தண்ணி விழுதுடா, மேஸ்திரி கொன்னுடுவாரு. அந்தப் பக்கம் திரும்பு. அய்யோ, திரும்பாத, உங்க ஆயா சோத்துத் தூக்கோட வரா, அவ குடிக்கறதுக்குன்னு கொடுத்தனுப்புன தண்ணி அது.