பட்டா உள்ள புறம்போக்கு

என் பழைய லேப்டாப்பில் பட்டனை அழுத்திவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரும் படித்துவிட்டு வந்தால் திரை வெளிச்சமாகும். அவசரப்படுத்தினால் உள்ளேயிருக்கும் ஃபேன் மாவு மெஷின் மாதிரி கத்தும். புதுசு வாங்கக் காசில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருந்த இயங்குதளத்தைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முத்திரை இல்லாத எதையும் நம்பமாட்டார்.

"எவ்வளவு ஆச்சு?"

"இலவசம்ப்பா."

"ஓனர் யாரு?"

"அப்படி ஒருத்தர் இல்ல. எல்லாருக்கும் சொந்தம்."

"புறம்போக்குன்னு சொல்லு."

பட்டா உள்ள புறம்போக்கு என்று விளக்கினேன். லினக்ஸ், 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், இது சும்மா பொழுதுபோக்கு, பெரிசாக ஒன்றும் வராது என்று சொல்லி ஆரம்பித்தது. மறு வருஷமே ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்துவிட்டது. யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2017 நவம்பர் பட்டியலிலேயே உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின.

"நம்மகிட்ட இருக்கிறது சூப்பர் கம்ப்யூட்டரா?" என்றார் அப்பா. நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

லினக்ஸ்காரர்களைக் கேட்டால் வைரஸ் தொல்லை இல்லை, வேகம் ஜாஸ்தி என்பார்கள். அதெல்லாம் ஊருக்குச் சொல்வது. உண்மையான சுகம் நோண்டுவதில் இருக்கிறது. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு முதுகில் வாங்கிய ஜாதி நாங்கள். இங்கே பிரித்தால் அடிக்க ஆளில்லை. ஒரு வாரம் சத்தம் வராமல் போனது. மூன்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்தபோது வந்த பெருமை, பத்தாவது பாஸானபோதுகூட வரவில்லை. கெடுத்ததும் நான்தான் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்' என்று அடிக்க வேண்டும். அவசரத்தில் மாற்றி 'எஸ்எல்' என்று அடிப்பவர்களுக்காகவே டொயோடா மசாஷி என்ற ஜப்பான்காரர் ஒரு நிரல் எழுதினார். அதைப் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் கை தவறியது. எழுத்துகளாலும் கோடுகளாலும் ஆன நீராவி எஞ்சின் ஒன்று புகைவிட்டுக்கொண்டு திரையின் வலப்பக்கத்திலிருந்து கிளம்பியது. அது இடப்பக்கம் போய் மறைகிறவரை வேறெதுவும் செய்ய முடியாது, லெவல் கிராசிங்தான்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை விடு."

விட்டேன்.

"பெட்டியே இல்லையே. லைட் எஞ்சினா?"

'எல்' என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால் சின்ன எஞ்சின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும். அதையும் காட்டினேன்.

"எல்லாம் ஒரே பக்கமாப் போகுதே, திரும்பி வர்ற வண்டி எங்கே?"

இப்படி ஒரு கேள்விக்குத்தானே மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்! சில நூறு வரிதான். திசையைத் தீர்மானிக்கும் வரியைத் தேடிப்பிடித்துத் திருப்பிவிட்டு ஓடவிட்டேன். வண்டி இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. எஞ்சின் படத்தைத் திருப்ப மறந்துவிட்டதால் முகம் மட்டும் பழைய பக்கமே பார்த்தபடி, பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தது.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"இதுக்கு லைன் கிளியர் யார்றா குடுத்தது?"