தோஹாவுக்குப் பறந்த தாய் வீடு

தமிழ்நாட்டுப் படங்களில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். அவளும் வண்டியில் ஏறிக் கண்ணைத் துடைப்பாள். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் சாய்ந்தமருதில் இந்தக் காட்சி எடுபடாது. இங்கே கலியாணம் முடித்து வீடு மாறுகிறவர் மாப்பிள்ளை. சீதன வீடு பெண்ணுடையது, உம்மா அடுத்த அறையில் இருப்பா, இல்லாவிட்டால் அடுத்த வளவில். பிள்ளை பெற யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை. கண்ணைத் துடைக்க ஆள் வேண்டுமென்றால் மாப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த ஒழுங்கைக் குழப்பியது கட்டார். மருமகனுக்கு தோஹாவில் வேலை, மகளும் கூடப் போய்விட்டாள். வயிற்றில் பிள்ளை என்ற செய்தி வந்த அன்றே என் மனைவி கலண்டரை எடுத்தாள். 28 வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமானக் கம்பனிகள் டொக்டரின் கடிதம் கேட்கும், 36 தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள், அதற்குள் வந்து சேர் என்று உத்தரவு போட்டாள். மகள் மறுத்துவிட்டாள். மருமகனுக்கு லீவு இல்லையாம், பிள்ளையின் முகத்தை அவர் முதன்முதலாக வட்ஸ்அப்பில் பார்க்கக் கூடாதாம்.

"அப்ப நான் வாறன்" என்றாள் இவள்.

பெட்டி கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மிளகு, சீரகம், ஓமம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த பத்தியச் சரக்கு ஒரு பெரிய ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய. அதன் மேல் பால்சுறாக் கருவாடு. முதலில் பொலித்தீன், பிறகு பத்திரிகைத் தாள், பிறகு மறுபடி பொலித்தீன், கடைசியில் என்னுடைய பழைய சாரன். கட்டார் மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நாடு, அங்கே மீனுக்கா பஞ்சம் என்று கேட்டேன். "அது அரபி மீன்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மகளின் பக்கத்து பிளாட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதி, இரண்டு பேரும் ஆசிரியர்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே மாதம்தான் பிரசவம். அவளும் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டதும் என் மனைவிக்குத் திகைப்பு. "ஏன், அவக்கு உம்மா இல்லியா?" உம்மா இருக்கிறா. ஊரில் பிள்ளை பெறும் செலவுதான் இடிக்கிறது. அமெரிக்காவில் வேலை வழியாகக் காப்புறுதி உள்ள பெண்ணுக்கே கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 19,000 டாலர் ஆகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. பெரும்பகுதியைக் காப்புறுதி கட்டும், மிச்சம் அவள் தலையில். லீவு விஷயம் இன்னும் மோசம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல்.

இதை நம்பச் செய்ய மகள் படாத பாடு பட்டாள். இவளுக்குத் தெரிந்த உலகத்தில் கல்முனை அஷ்ரஃப் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால் பில் என்ற பேச்சே இல்லை. மிட்வைப் மிஸ் வீடு தேடி வந்து கிளினிக் கார்ட்டைப் பார்ப்பா, நிறை கூடாவிட்டால் ஏசுவா, திரிபோஷ சத்துமா பக்கற்றை மாப்பிள்ளைதானே தின்றார் என்று குறுக்கு விசாரணையும் வைப்பா. "அவ்வளவு பெரிய நாட்டுல ஒரு மிட்வைப் மிஸ் இல்லியா?" என்று என்னிடம் போனில் கேட்டாள், நான் ஏதோ வொஷிங்டனில் இருப்பது போல.

இரண்டும் பெண் பிள்ளைகள், ஒரே வாரத்தில். அழுகையும் ஒன்றுதானாம். கடதாசி வேலை வேறு வேறு. கட்டாரில் பிறந்தாலும் கட்டார் பிரஜாவுரிமை இல்லை. அமெரிக்கர்கள் தங்கள் தூதரகத்தில் பிறப்பு அறிக்கை எழுதி பாஸ்போர்ட் எடுத்தார்கள். எங்கள் பேத்தியை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு வாய் பிளக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுக்கு நான் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் கதையைச் சொல்வேன். மனிதர் 1964இல் நியூயோர்க்கில் பிறந்துவிட்டார். சின்ன வயதிலேயே அங்கிருந்து கிளம்பியும், லண்டனில் வீடு விற்றதற்கு அமெரிக்கா வரி கேட்டது. கட்டினார், 2016இல் அந்தப் பிரஜாவுரிமையையே உதறினார். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தன் பிரஜையிடம் வருமானக் கணக்குக் கேட்கும் நாடு அது. பக்கத்து பிளாட் குழந்தைக்குப் பால்பல் முளைக்கவில்லை, அதற்குள் வரிக்காரனுக்குத் தெரிந்த ஓர் இலக்கம் வந்துவிட்டது.

நம் நாடு அப்படித் துரத்தாது. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்பதை ஒப்புக்கொள்ள அதற்கு 2003 வரை பிடித்தது. 1948 சட்டம் தகப்பனைத்தான் கேட்டது. கொழும்பில் சட்டம் எழுதியவர்கள் ஒருநாள் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். எங்கள் கரையோரத்தில் பிள்ளையின் குடி, அதாவது வம்சம், உம்மாவின் குடிதான்; பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு பிரதிநிதியாக மரைக்காயர் இருப்பார். ஆனால் எங்கள் சட்டத்தை வர்த்தமானியில் போட ஆள் இல்லை. வர்த்தமானியில் எங்களுக்கு ராசியும் இல்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபை பிறந்ததாக ஒன்று வந்தது. வெடி கொளுத்திய மணம் போகுமுன் அதை இடைநிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்க உம்மா இரண்டு வாரம் நின்றுவிட்டுப் போனா. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத பெண்ணை விட்டுவிட்டு எந்த உம்மாவும் போவாளா என்று என் மனைவிக்குத் தாங்கவில்லை. மறுநாளே பத்தியத்தை இரண்டு பிளாட்டுக்கும் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை எந்தக் குடி என்றும் விசாரித்திருக்கிறாள். ஜெர்மன், அயர்லாந்து, கொஞ்சம் போலந்து என்று பதில் வந்ததாம். "மூண்டு குடியில எப்படிப் புள்ள கணக்குல சேரும்?" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டாள். மரைக்காயரிடம் கேட்டுச் சொல்வதாகச் சமாளித்தேன்.

பிறகு வீடியோவில் காட்டினாள். அமெரிக்காக்காரி மேசையில் இருந்து புட்டையும் சுறாவையும் கையால் பிசைந்து தின்கிறா, மூக்கு சிவந்து தண்ணீர் வடிகிறது, தட்டை நகர்த்தவில்லை.

"இஞ்ச பாருங்க, இவ ரெண்டாவதுக்கும் இஞ்சதானாம். வாற முறை பெட்டிக்கு எத்தின கிலோ கூட்டித் தருவானெண்டு டிக்கட் கந்தோர்ல கேட்டு வைங்க."