இலை இலையாக வரைந்த காலம்

கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில், இன்று எல்லோரும் கோப்பி குடிக்கப் போகும் அந்த ‘கலரி கஃபே’ முற்றத்தில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அமோனியா வாசனைதான் நினைவுக்கு வருகிறது. 1970களின் நடுவில், வேறொரு சிறிய அலுவலகத்தில் படவரைஞனாகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான், அப்போதுதான் அமோனியா ஆவியில் அச்செடுத்த படச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் அந்த நெடி ஏற, இதே வாசலில் வந்து நின்றேன். அப்போது இது எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் அலுவலகம்.

வெள்ளைக்காரர் காலத்து நிறுவனம் அது. அதன் பங்காளி ரீட் 1952இல் இறந்துபோக, வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு லண்டனில் கட்டடக்கலை படித்த ஜெப்ரி பாவா, 38 வயதில், 1957இல் திரும்பி வந்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். டென்மார்க்கிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் சில வருடங்கள் உடனிருந்தார். அவர் போனபின் பங்காளியானவர் தமிழரான பொறியியலாளர் பூலோகசுந்தரம். அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் அலுவலகத் தமிழ்ப் பொடியன்களுக்கு நெஞ்சு நிமிரும்.

அன்று அங்கே ஒரு மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் மரமென்றால் ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்போம். அங்கே ஓவியர் லக்கி சேனநாயக்க போன்றவர்கள் பழக்கிவிட்ட பாணியில், அரலி மரம் இலை இலையாகக் கிளை விரித்திருந்தது. டிரேசிங் தாளில் ஒரு கோடு பிசகினால் பிளேட்டை மெல்லச் சாய்த்து மையைச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகே மறுபடி பேனா வைக்கலாம். அந்த வேலை செய்தவர்களுக்கு இதை வாசிக்கையில் கட்டைவிரல் நகம் கூசும்.

இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கண்ணாடிக்கும் இரும்புக்கும் தவம் கிடந்த அந்த நாட்களில்தான், அவர்கள் ஓடுகளையும் கருங்கல்லையும் மரத்தையும் முற்றத்தையும் நம்பிக் கட்டினார்கள். நெளிந்த சிமெந்துத் தகட்டின் மேல் பழைய அரைவட்ட ஓடுகளைப் பதித்து, ஒழுகாத ஓட்டுக்கூரை செய்தார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில், நடுமுற்றத்தில் விழும் மழையைத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, 1962இல் அவர்கள் முடித்த பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீட்டு முற்றம் பட்டணத்தில் கண்ட அம்மா வீடு. இன்று அந்த எளிமையை விலையுயர்ந்த ஹோட்டல்களில் காசு கொடுத்து அனுபவிக்கிறார்கள். அனுபவிக்கட்டும், அழகு அழியாமல் இருந்தால் சரி.

கட்டடக்கலை படித்த என் மருமகள் கணினியில் ஒரு விரல் தட்டலில் தோப்பையே நட்டுவிடுகிறாள், நான் ஒரு வாரம் குனிந்து செய்ததை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறாள். அவள் கெட்டிக்காரி. ஆனால் ஒரு மரத்தை வரைய அதன் கீழே அரைமணி நேரம் நின்று பார்த்த சுகம் அவளுக்குக் கிடைக்காததுதான் எனக்குத் துக்கம்.

ஈனாவின் வீடு நின்ற காணி கைமாறியபோது, கல்லுக்கும் தூணுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பினார்கள். மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் மழை பிடித்தது. “உள்ளே வாங்கோ மாமா, நனையப் போறியள்” என்றாள். முற்றத்து ஓரத்தில் தூணைப் பிடித்தபடி, “நீயும் இங்கே வந்து நில் பிள்ளை” என்றேன்.